ஒரே தாளத்துக்குத் தலையாட்டுகிறவர்கள்

இரண்டு தலைப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில். இடப்பக்கம், விளக்கு மின்னாதபோது எடுத்த மூளை மின்னலைப் பதிவு (EEG), அதாவது தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியாக மூளையின் மின் அலைகளைப் பதிவது. மின்முனைப் புள்ளிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோடுகள். வலப்பக்கம், நொடிக்கு 40 முறை மின்னும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்தது. பின்மண்டையிலிருந்து நெற்றிவரை சிலந்திவலையாகச் சிவப்புக் கோடுகள். கீழே ஒரு வரி: தாளமான தூண்டல் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பை வலுப்படுத்துகிறது. ஆய்வுக் கட்டுரைகளிலும், மூக்குக்கண்ணாடி மாதிரி மாட்டிக்கொள்ளும் கருவிகளின் விளம்பரங்களிலும் இந்தப் படம் வேறு வேறு நிறங்களில் வந்துகொண்டே இருக்கிறது. கோடுகள் பொய்யில்லை. கணக்கும் பெரும்பாலும் சரியாகத்தான் போடப்பட்டிருக்கும். உறுத்துவது 'இணைப்பு' என்கிற அந்த ஒரு சொல்.

ஓர் இசை அரங்கில் இந்தக் கோடியில் ஒருவரும் அந்தக் கோடியில் ஒருவரும் உட்கார்ந்து தாளத்துக்குத் தலையாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து படம் பிடித்து இரண்டு தலைகளின் அசைவையும் ஒப்பிட்டால் பிசிறில்லாத ஒத்திசைவு கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு 'இந்த இருவரும் பேசிக்கொள்கிறார்கள்' என்று யாராவது சொன்னால் சிரிப்போம். மூளை என்று வந்துவிட்டால் மட்டும் அதே வாதம் சிரிப்பை வரவழைப்பதில்லை. அரங்கில் மேடை கண்ணுக்குத் தெரிகிறது. தலைப் படத்தில் விளக்கை யாரும் வரைவதில்லை. காரணம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

தாளத்தை மூளை பின்தொடர்கிறது என்பதில் சண்டையே இல்லை. ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை 1929-இல் வெளியிட்டார். அந்த அலைகளைச் சரிபார்க்கப் போன ஏட்ரியனும் மேத்யூஸும், மின்னும் ஒளியின் வேகத்தைப் பின்மண்டை அலைகள் அப்படியே எடுத்துக்கொள்வதை 1934-இலேயே எழுதிவிட்டார்கள். 2001-இல் கிறிஸ்டோப் ஹெர்மன் 1 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இத்தனை முறை) ஒவ்வொன்றாக மின்னவிட்டுப் பார்த்தார். எல்லா வேகத்துக்கும் பார்வைப் புறணி (கண்ணின் செய்தியைக் கையாளும் பின்மண்டை மூளைப் பகுதி) ஏதோ ஓர் அளவில் பதில் கொடுத்தது; 10, 20, 40, 80 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் பதில் புடைத்து நின்றது. ஒலியில் 40 ஹெர்ட்ஸுக்கு வரும் உறுதியான பதிலை கலம்போஸ் குழு 1981-இல் காட்டியது. தோலில் அதிர்வு கொடுத்தால் 20-களில் எங்கோ ஒரு மேடு வருகிறது. விழித்திரை, தலாமஸ் (புலன் செய்தியைப் புறணிக்கு அனுப்பும் நடுநிலையம்), புறணி என்று கண்ணிலிருந்து செல்லும் பாதை முழுவதும், 40 ஹெர்ட்ஸ் என்றால், 12.5 மில்லிநொடி வெளிச்சம், 12.5 மில்லிநொடி இருட்டு என்ற வடிவம் நகர்ந்து போகிறது.

சண்டை அடுத்த படியில் தொடங்குகிறது. மூளைக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அலைவை வெளித்தாளம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறதா? அல்லது ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு குட்டிப் பதில் எழுந்து, அந்தப் பதில்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அலைபோலத் தெரிகிறதா? முதலாவதற்கு நல்ல உதாரணம், 1665-இல் ஹைகன்ஸ் படுக்கையில் இருந்தபடி கவனித்த இரண்டு ஊசல் கடிகாரங்கள். இரண்டுக்கும் சொந்த நடை உண்டு. ஒரே தாங்கியில் மாட்டப்பட்டிருந்ததால் மெல்ல மெல்ல ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டன. இரண்டாவதற்கு உதாரணம், கதவைத் தட்டுவது. நொடிக்கு நாலு முறை தட்டினால் கதவிலிருந்து நாலு சத்தம் வரும். கதவுக்குச் சொந்தத் தாளம் இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை.

பிரித்துப் பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, தூண்டலின் வலுவையும் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது. சொந்த அலைவு உள்ள அமைப்பு, தன் இயல்பு வேகத்துக்குப் பக்கத்தில் மங்கலான ஒளிக்கே இணங்கிவிடும்; இயல்பு வேகத்திலிருந்து விலக விலக அதை இழுக்க வலுவான ஒளி தேவைப்படும். வேகத்தைக் குறுக்கேயும் வலுவை மேலேயும் வைத்து வரைந்தால் இணங்கும் பகுதி கீழே கூர்மையாகவும் மேலே போகப் போக அகன்றும் நாக்கு மாதிரி வரும்; அர்னால்டு நாக்கு என்றே பெயர். ஆல்பா வேகத்தில், அதாவது 10 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில், 2016-இல் நாட்போம் குழு இந்த நாக்கை மனிதர்களிடம் காட்டியது. இரண்டாவது சோதனை இன்னும் எளிது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது. கடிகாரம் என்றால் இன்னும் சில சுற்றுகளாவது ஓடும்; கதவு என்றால் கடைசித் தட்டலோடு முடிந்துவிடும்.

40 ஹெர்ட்ஸில் கதை வேறு. மின்னல் கொடுக்கும் 40-ஐயும் மூளை தானாக எழுப்பும் காமா என்ற வேகமான அலைவையும் ஒன்றாகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டுக்கும் எண் ஒன்றுதானே என்று. 2023-இல் நரம்பியலாளர் புஜாகியின் ஆய்வகம் எலிகளில் தனித்தனி நரம்பணுக்கள்வரை இறங்கிப் பார்த்தது. ஒளி கொடுத்த 40, இயல்பான காமாவைத் தன் பிடிக்குள் கொண்டுவரவில்லை. ஆல்பாவுக்குக் கிடைத்த நாக்கை வைத்துக்கொண்டு காமாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதுவது, ஒருவருடைய மருந்துச் சீட்டில் இன்னொருவருக்கு மருந்து வாங்குவது போல.

பின்தங்கல் காப்பாற்றுமா?

இணைப்பு என்று கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் கட்ட உறவுதான். 'அ' என்ற மின்முனையின் அலையும் 'ஆ' என்ற மின்முனையின் அலையும் ஒரே அலைவெண்ணில் மாறாத இடைவெளியோடு ஓடுகின்றனவா என்று பார்ப்பது. மாறாமல் இருந்தால் 1, கன்னாபின்னாவென்று இருந்தால் 0. இதில் ஒரு பழைய தொல்லை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மூளைக்குள் ஒரே இடத்தில் பிறக்கும் மின்புலம் மண்டையோட்டு வழியாகப் பரவி இரண்டு மின்முனைகளிலும் ஒரே நேரத்தில் விழும். இணைப்பே இல்லாமல் 1 வந்துவிடும். அதற்காகத்தான் 2004-இல் நோல்ட்டேயின் கற்பனைப் பகுதி ஒத்திசைவும், 2007-இல் ஸ்டாமின் கட்டப் பின்தங்கல் குறியீடும், 2011-இல் அதன் எடையிட்ட வடிவமும் வந்தன. பரவல் உடனடியாக நடப்பது. அதனால் தாமதமே இல்லாத உறவைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒன்று மற்றொன்றுக்குப் பின்தங்கி வரும் உறவை மட்டும் எண்ணுவோம் என்பது இவற்றின் உத்தி. ஓய்வு நிலைப் பதிவுக்கு நல்ல உத்தி. மின்னும் விளக்குக்கும் இதையே போட்டுவிட்டு 'பரவல் பிரச்சினை நீக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வரியைத் தாண்டித்தான் என்னால் போக முடியவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 'அ' என்ற இடத்துக்கு ஒளியின் பதில் 70 மில்லிநொடியில் வருகிறது, 'ஆ' என்ற இடத்துக்கு 76 மில்லிநொடியில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே ஒரு நரம்பு இழைகூட இல்லை. தாமத வித்தியாசம் 6 மில்லிநொடி. 40 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 25 மில்லிநொடி. ஆறை இருபத்தைந்தால் வகுத்து 360-ஆல் பெருக்கினால் 86.4 பாகை. ஏறக்குறைய கால் சுற்று. பின்தங்கல் குறியீடு ஆசையோடு தேடுவது இதைத்தான்: சுழியம் இல்லாத, மாறாத, ஒரே பக்கம் சாய்ந்த இடைவெளி. இதற்கு அது தயங்காமல் 1 கொடுக்கும். பரவலைத் தடுக்கக் கட்டிய வேலி, இரண்டுக்கும் பொது மூலமான விளக்கை வாசல் திறந்து உள்ளே விடுகிறது. திசை காட்டும் அளவைகளுக்கும் இதே கதிதான். 'அ' முன்னால் வருவதால் 'அ'-விலிருந்து 'ஆ'-வுக்கு அம்புக்குறி போட்டுவிடும்.

நம்பிக்கை வராவிட்டால் கணினியிலேயே செய்து பார்க்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இரைச்சல் வரிசைகளை உருவாக்கி, முதலாவதில் ஒரு 40 ஹெர்ட்ஸ் சைன் அலையும், இரண்டாவதில் அதே அலையை 6 மில்லிநொடி தள்ளியும் சேர்த்து, இரண்டு நொடித் துண்டுகளாக அறுபது துண்டு நறுக்கி, குறியீட்டைக் கணக்கிட்டால் போதும். இருபது வரி நிரல். சைன் அலையின் உயரத்தைக் கூட்டக் கூட்ட 'இணைப்பு' பலப்படும். மூளையே தேவையில்லை.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர இருக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, துண்டுகளைக் கலைத்துப் போடுவது. 'அ'-வின் ஐந்தாம் துண்டை 'ஆ'-வின் ஐந்தாம் துண்டோடு ஒப்பிடாமல், 'ஆ'-வின் முப்பத்தேழாம் துண்டோடு ஒப்பிடுங்கள். அந்த இரண்டு துண்டுகளும் வேறு வேறு நேரத்தில் பதிவானவை. பகுதிகளுக்கிடையே நடந்த பேச்சு எதுவும் அவற்றுக்குப் பொதுவாக இருக்க முடியாது. பொதுவாக இருப்பது விளக்கு மட்டும். இப்படி நூறு, இருநூறு முறை கலைத்துப் போட்டு வரும் மதிப்பு, உண்மை ஜோடிகளின் மதிப்புக்குச் சமமாக இருந்தால் சிவப்புக் கோடு முழுவதும் விளக்கு வரைந்தது. உண்மை ஜோடிகளில் அதற்கு மேல் ஏதாவது மிஞ்சினால், அந்த மிச்சத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். தலைப் படத்தில் வரையவேண்டியதும் அந்த மிச்சத்தைத்தான்.

கலைப்பதிலும் வழுக்கும் இடம் உண்டு. துண்டுகள் எல்லாமே மின்னலின் ஒரே புள்ளியில் தொடங்கியாக வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்கு 2 நொடி என்றால் சரியாக 80 சுற்று, தொல்லை இல்லை. ஆனால் கருவி உண்மையில் 39.97-இல் ஓடுகிறது, கோப்பில் 40 என்று இருக்கிறது என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் 0.06 சுற்று, அதாவது 21.6 பாகை நழுவும். அறுபது துண்டுகளில் மூன்றரைச் சுற்றுக்கு மேல் போய்விடும். அப்போது கலைத்தால் கட்ட உறவு சிதறும், கலைக்காதபோது சிதறாது. விளக்கு வரைந்த கோடு 'உண்மை இணைப்பு' என்ற சான்றிதழோடு திரும்பி வரும். கணினி அனுப்பும் குறியை நம்பாமல், விளக்குக்கு எதிரே ஒளியை உணரும் ஒரு போட்டோடயோடை ஒட்டி அதன் சமிக்ஞையை இன்னொரு தடமாகவே பதிவு செய்துகொண்டு அதிலிருந்து வெட்டுவதுதான் பிழைக்கும் வழி.

சராசரிப் பதிலைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது இன்னொரு வழி. செய்யலாம், முழுத் தீர்வு இல்லை. கவனம் கூடினால் பதில் உயர்கிறது, கண் அசந்தால் தாழ்கிறது. துண்டுக்குத் துண்டு மாறும் இந்த உயரத்தைச் சராசரி பிடிப்பதில்லை. கழித்தபின்னும் இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி ஏறி இறங்கும் வண்டல் தங்கும். கட்டுப்பாட்டு நிலை வைப்பது இதைவிட மேல். ஒரே சராசரி வெளிச்சம், நொடிக்கு அதே 40 மின்னல், ஆனால் இடைவெளிகள் ஒழுங்கற்றவை. தாளம்தான் காரணம் என்றால் ஒழுங்கற்ற மின்னலுக்கும் ஒழுங்கான மின்னலுக்கும் வித்தியாசம் வர வேண்டும். மின்னாத, நிலையான விளக்கு மட்டும் வைத்து ஒப்பிட்டால் தாளத்தின் விளைவையும் மின்னலின் விளைவையும் பிரிக்கவே முடியாது.

40 என்று எழுதியிருந்தால் 40 வருமா?

கணக்குக்கு முன்னாலேயே கவிழ்க்கும் விஷயங்கள் உண்டு. அதில் முதலாவது திரை. சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. அதில் ஒழுங்காக வரக்கூடியவை 60-ஐ முழு எண்ணால் வகுத்தவை மட்டும்: 30, 20, 15, 12, 10 என்று. 40 அந்தப் பட்டியலில் இல்லை; ஒரு சுற்றுக்கு ஒன்றரைச் சட்டகம் (ஃப்ரேம்) வேண்டியிருக்கும், அரைச் சட்டகம் என்று ஒன்று கிடையாது. 40 ஹெர்ட்ஸ் மின்னலை 60 சட்டகக் காணொளியாக எடுத்தால் மூன்று சட்டகத்தில் இரண்டு வெளிச்சம், ஒன்று இருட்டு என்று விழும். அந்த வடிவம் 50 மில்லிநொடிக்கு ஒருமுறை திரும்புகிறது. அடிப்படை வேகம் 20 ஹெர்ட்ஸ். காணொளி 30 சட்டகம் என்றால் இன்னும் மோசம். 100 மில்லிநொடிக்கு ஒரு சுற்று, 10 ஹெர்ட்ஸ், நேரே ஆல்பாவில் போய் உட்காரும். 'காமா தூண்டல்' என்ற தலைப்போடு சுற்றும் காணொளிகளை சாதாரணத் திரையில் பார்க்கிறவர் பார்ப்பது காமாவையே இல்லை. 120 ஹெர்ட்ஸ் திரையில் சுற்றுக்கு மூன்று சட்டகம் கிடைக்கும், ஆனால் வெளிச்சமும் இருட்டும் சரிபாதி வராது. 240-இல் ஆறு, சரிபாதி வரும். நேரடியாக எல்இடியை மைக்ரோகன்ட்ரோலரின் டைமரில் ஓட்டுவது எல்லாவற்றையும்விடச் சுத்தம்.

இதைச் சும்மா ஒரு துல்லியப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. ஒளியால் தூண்டப்படும் வலிப்புக்கு ஆபத்து உச்சத்தில் இருப்பது 15 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை. 40 என்று நம்பி 20-ஐ ஒரு மணி நேரம் பார்க்கவைப்பது அந்த உச்சத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவதுதான். 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொலைக்காட்சித் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறக்குறைய 12 முறை மாறி மாறி மின்னியபோது அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்பதும் சரியில்லை. இமை வழியாகச் சிவப்பு ஒளி தாராளமாகப் போகும். வலிப்பு வரலாறு உள்ளவர்களும் குடும்பத்தில் அப்படி யாராவது இருப்பவர்களும் இந்தக் காணொளிகளையும் கருவிகளையும் வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது.

ஒலியிலும் இதே குழப்பம். 40 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் 40 ஹெர்ட்ஸில் அதிரும் அடித்தொனி என்று நினைத்துக் கைபேசியில் போடுகிறார்கள். அந்தக் குட்டி ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த சுருதியை எழுப்ப முடியாது. ஆய்வுகளில் நடப்பது வேறு: 25 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு மில்லிநொடி நீளமான உயர்ந்த தொனி. 2019-இல் எலிகளுக்குக் கொடுத்தது 10,000 ஹெர்ட்ஸ் தொனி. வயதானவர்களின் காதுக்கு அது எட்டாமல் போகலாம் என்பதால் 1,000 ஹெர்ட்ஸ் தொனியின் உரப்பை நொடிக்கு 40 முறை ஏற்றி இறக்குவது மனிதர்களுக்குப் பொருத்தம். ஒளியையும் ஒலியையும் சேர்த்துக் கொடுக்கும்போது புளூடூத் வேண்டாம். அதில் நூறு மில்லிநொடிக்கு மேல் தாமதம் வருவது சாதாரணம். 25 மில்லிநொடிச் சுற்றில் அது நாலு சுற்றுக்கு மேல். ஒரு காதில் 400, மறு காதில் 440 என்று கொடுத்து மூளைக்குள்ளேயே 40-ஐ உண்டாக்கும் பைனாரல் பீட்ஸ் இருக்கிறதே, அதன் பதில் இருக்கிறது, ஆனால் மெலிந்தது. இரண்டையும் முன்கூட்டியே கலந்து ஒரே ஒலியாகக் கொடுத்தால் பதில் அதைவிட வலுவாக வருகிறது. விற்பனையில் மட்டும் வரிசை தலைகீழ்.

பதிவுப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆல்பா பல பத்து மைக்ரோவோல்ட் உயரம் போகும். 40-க்கான பதில் ஒரு மைக்ரோவோல்ட் அல்லது அதற்கும் கீழே. அவ்வளவு சின்னதைத் தேடும்போது தாடையை இறுக்கினாலே அந்த வேகத்தில் தசை மின்சாரம் வந்து மூடிவிடும். எல்இடிக்குப் போகும் கம்பியும் ஹெட்ஃபோன் சுருளும் அதே 40-ஐ நேரடியாக மின்முனைக்குள் கசியவிடும். சோதிப்பது எளிது: கண்ணுக்கும் விளக்குக்கும் நடுவே ஒளி புகாத அட்டையை வைத்து, காதுக் குழாயை அடைத்து, எல்லாவற்றையும் ஓடவிட்டு ஐந்து நிமிடம் பதிவு செய்ய வேண்டும். அப்போதும் 40-இல் ஊசி நின்றால் அது மூளை இல்லை, கம்பி.

எதை நம்பலாம்?

இவ்வளவு சொன்னபின் எதுவுமே நடக்கவில்லை என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். எம்ஆர்ஐ வழி வரும் இணைப்புக் கணக்கில் விளக்குக்கு இப்படி நேரடியாகக் கோடு வரைய முடியாது. அங்கே அளப்பது இரத்த ஓட்டத்தின் மந்தமான ஏற்ற இறக்கம். ஒரு தூண்டலுக்கு உச்சம் வரவே ஐந்தாறு நொடி ஆகும். பார்க்கப்படும் உறவு 0.1 ஹெர்ட்ஸுக்கும் கீழே. அதுவும் விளக்கு இல்லாத ஓய்வு நிலையில் எடுப்பது. அதனால்தான் வாரக்கணக்கில் தினமும் ஒரு மணி நேரம் ஒளியும் ஒலியும் கொடுத்த மனித ஆய்வுகளுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன். 2021-இல் நினைவுக் குறைவின் தொடக்கநிலையில் இருந்த 10 பேரிடமும், 2022-இல் லேசான அல்சைமர் உள்ள 15 பேரிடமும், ஓய்வுநிலை வலைப்பின்னலின் (சும்மா இருக்கும்போது சேர்ந்து இயங்கும் மூளைப் பகுதிகளின்) பின்பகுதி சார்ந்த இணைப்பில் மாற்றம் தெரிந்தது. ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். பத்து, பதினைந்து. அதோடு தூக்கமும் விழிப்பும் இந்த வலைப்பின்னலைத் தாறுமாறாக மாற்றக்கூடியவை. மின்னும் விளக்கின்முன் உட்கார்ந்தால் கண் சொக்கும். எம்ஆர்ஐ குழாய்க்குள் படுத்தவர் பாதி தூங்கிவிட்டாரா என்று பார்க்காத ஆய்வில் 'இணைப்பு கூடியது' என்பதற்குத் 'தூக்கம் மாறியது' என்றும் பொருள் கொள்ளலாம்.

எலிகளின் கதை வேறு தளத்தில் நடக்கிறது. 2016-இல் லீ-ஹுவே சாய் குழு 40 ஹெர்ட்ஸ் ஒளியால் அமிலாய்டு, அதாவது அல்சைமரில் மூளையில் படியும் புரதம், குறைந்ததாகக் காட்டியது. 2023-இல் புஜாகி குழுவுக்கு அந்தக் குறைவு கிடைக்கவில்லை. 2024-இல் சாய் குழு, மூளைத் திரவ ஓட்டம் கழிவை அள்ளிச்செல்வதைக் காரணமாகக் காட்டியது. அது உண்மையாக இருந்தால் விளைவுக்குப் பகுதிகளின் பேச்சு தேவையே இல்லை, குழாய்வேலை போதும். இணைப்புப் படங்களை வரைந்து தள்ளுகிறவர்கள் இந்தச் சாத்தியத்தைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

மூளை மின்னலைப் பதிவு (EEG) மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், தூண்டல் ஓடும் பத்து நிமிடத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுங்கள். முன்னால் ஐந்து நிமிடம், பின்னால் ஐந்து நிமிடம், இரண்டிலும் கண் திறந்து, ஒரே புள்ளியைப் பார்த்து, விளக்கு அணைந்த நிலையில். ஒப்பிட வேண்டியவை அந்த இரண்டும்தான், அதிலும் 40-ஐ விட்டுவிட்டு மற்ற அலைவெண்களில். விளக்கு நேரடியாகத் தொடாத ஆல்பாவிலும் அதைவிட மெதுவான தீட்டாவிலும் உறவு மாறியிருந்தால் அதற்கு விளக்கைக் குற்றம் சொல்ல முடியாது. தூக்கத்தை மட்டும் சொல்லலாம். அதற்குத்தான் ஒழுங்கற்ற மின்னல் கொடுத்த இன்னொரு நாள் பதிவு, அதே ஆளிடம், அதே நேரத்தில். இரண்டாம் ஐந்து நிமிடத்தின் முதல் நொடியையும் வெட்டி எறிந்துவிடாதீர்கள். விளக்கு அணைந்ததும் அலை எத்தனை சுற்று தாக்குப்பிடிக்கிறது என்பது அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது; பெரும்பாலான நிரல்களில் அது 'இடைமாற்றக் கலங்கல்' என்ற பெயரில் முதல் வரியிலேயே நீக்கப்படுகிறது.